பள்ளக் காணி

எங்கள் சின்ன மணல் ஒழுங்கையில் எட்டு வீடு இருந்த காலத்தில் குப்பை என்று ஒன்று இருக்கவில்லை. மீன் செதில் கோழிக்குப் போனது, பால்மா ரின்னில் மிளகாய்த்தூள் இருந்தது. அன்புவழிபுரத்தில் வீடுகள் நெருங்கி, எழுபத்தேழில் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் வெளிநாட்டுச் சாமான் குவிந்ததும் நாங்களும் குப்பைக்காரர் ஆனோம். குப்பை வண்டி பெரிய றோட்டோடு திரும்பிவிடும். அதைக் குறை சொல்லக்கூடாது, எங்கள் மணலுக்குள் வந்தால் புதைந்துதான் போகும்.

என் மனிசன் ஹெக்டர் துறைமுகத்தில் கிளாக்கர். எதற்கும் அவரிடம் ஒரு திட்டம் இருக்கும், அதுதான் என் தலைவிதி. வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பள்ளக் காணி இருந்தது. மாரி மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும், மாசியில் மணல் அதைக் குடித்துவிடும். அந்தக் காணியைத்தான் மகள் அருள்மலருக்குச் சீதனமாக எழுதியிருந்தோம். உப்புவெளியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “காணி சரி, வீடு எங்கை? இதிலை தவளைதானே குடியிருக்கும்” என்றாள்.

கிரவல் மண் கொட்டி நிரப்ப எங்களுக்கு வசதி இல்லை. ஹெக்டர் ஒழுங்கை முழுக்கப் போய், வீட்டுக் குப்பையை எங்கள் பள்ளத்தில் கொட்டச் சொன்னார். “குப்பை உயரும் கோபுரம் தாழும் எண்டு சும்மாவே சொன்னவை?” என்று என்னிடம் பெருமை வேறு. சனத்துக்கும் நிம்மதி. அடுத்த வீட்டு ஜெமீலா வாளியோடு வந்து, “உங்கட மகளுக்கு வீடு கட்ட நானும் கல்லு எடுத்துத் தாறன்” என்று சிரிப்பாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து ஹெக்டர் மேலே மணல் பரப்புவார். இரண்டு வருடத்தில் பள்ளம் மேடானது. தண்ணீர் நிற்காததால் நுளம்புக்கடி குறைந்தது. எனக்கும் நல்ல சந்தோசம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மக்டலின் அக்காவின் கிணறு. எங்கள் எல்லாருடைய கிணறும் உவர், அவருடையது ஒன்றுதான் குடிக்கக்கூடிய தண்ணீர். புருசனை இழந்த மனுசி. கேட்டு வந்த ஒருவருக்கும் தண்ணீர் இல்லையென்று சொன்னதில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம்.

அந்த மாரியோடு தண்ணீரில் ஒரு வாடை வந்தது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று வளர்ந்தவர்கள் நாங்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெமீலா வெந்தயம் போட்டுக் கொதிக்க வைத்தாள். நான் தேத்தண்ணிக்குச் சாயத்தைக் கூட்டினேன். கடைசியில் மக்டலின் அக்காவே வேலியடியில் வந்து, “ஐவி, என்ர கிணத்துக்குள்ளை எலி கிலி விழுந்து கிடக்கோ தெரியேல்லை. ஒருக்கா இறைக்கோணும்” என்றார்.

கிணறு இறைப்பது எங்கள் ஒழுங்கையில் ஒரு கொண்டாட்டம். ஜெமீலாவின் புருசன் ஸெய்னுதீன் தண்ணீர் இறைக்கிற மெசினைக் கொண்டுவந்தார். இறைத்து, சேறு அள்ளி, சுண்ணாம்பு போட்டோம். எலி இல்லை. ஊறிவந்த தண்ணீர் முன்னையிலும் மோசம். மறுபடி இறைத்தோம், இன்னும் மோசம். “என்ர வீட்டிலைதான் ஏதோ குறை போலை” என்று அக்கா செபமாலையை எடுத்துவிட்டார்.

மூன்றாம் தரம் ஹெக்டர் தானே உள்ளே இறங்கினார். ரோர்ச் லைட் கேட்டு வாங்கிச் சுவரைச் சுற்றி அடித்துப் பார்த்தார். வீட்டுக் குசினியில், அடுப்படிக்கு வந்துதான் சொன்னார்.

“பள்ளத்துப் பக்கத்துச் சுவர் மட்டும் கறுப்பாக் கசியுது ஐவி. முந்தி அந்தப் பள்ளத்து மழைத்தண்ணிதான் அங்கை ஊறினது. இப்ப குப்பைத் தண்ணி ஊறுது. நாங்கள் இறைக்க இறைக்க அதைத்தான் கூட இழுத்து எடுக்கிறம்.”

“வைகாசியிலை கலியாணம்” என்றேன்.

அடுத்த நாள் காலை வேலியால் பார்த்தேன். கிணற்றைத் தகரத்தால் மூடி மேலே கல் வைத்திருந்தது. ஜெமீலா குடத்தோடு நின்றாள். “இல்லை பிள்ளை, இனித் தர ஏலாது” என்று மக்டலின் அக்கா சொன்னார். ஜெமீலா போனபின் அவர் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவரும் கிணற்றை எட்டிப் பார்த்து அந்தக் கறுப்பைக் கண்டிருக்கிறார்.

“பிள்ளையின்ர வீடு முடியட்டும் ஐவி. நான் எங்கையாவது தண்ணி எடுப்பன்” என்றார்.

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு வாய்க்குக் குறைவில்லை.

என் பின்னால் நின்ற அருள்மலர்தான் கேட்டாள். “அம்மா, உந்த வீட்டிலை நான் எந்தத் தண்ணியிலை உலை வைக்கிறது?”

அன்றைக்கே பள்ளத்துக் குப்பையைத் தோண்டி எடுக்க மண்வெட்டி போட்டோம். கிணறு வெட்டப் பூதம் வந்த கதைதான். ரின், பற்றரி, அறுந்த செருப்பு, எங்கள் வீட்டு உடைந்த லாம்புச் சிமினி, மக்கவே மக்காத பொலித்தீன் பைகள். கொட்டும்போது உதவி செய்த சனம், தோண்டும்போது ஒன்றும் தங்களுடையதில்லை என்றது. ஆனாலும் வந்து அள்ளியது. கடலில் கொட்டலாம் என்று ஹெக்டர் தொடங்க, “அங்கை வலை போடுறது என்ர மச்சான் ஐயா” என்றார் ஸெய்னுதீன். உக்கி மண்ணானது தென்னம்பிள்ளைக் குழிகளுக்குப் போனது, ரின் இரும்புக்காரனிடம் போனது. பைகளை ஒருவரும் ஏற்கவில்லை. அவை எங்கள் வளவு மூலையில் இன்னும் குவிந்து கிடக்கின்றன, சம்பந்தி வரும் நாளில் தென்னோலைக் கிடுகால் மூடிவிடுவேன்.

வீடு இல்லாமலே கலியாணம் நடந்தது. மகளும் மருமகனும் எங்கள் முன்னறையில் இருக்கிறார்கள். சம்பந்தியின் முகம் இன்னும் நேராகவில்லை. கலியாணத்துக்குத் தண்ணீர் ஸெய்னுதீனின் மாட்டுக் கரத்தையில் பீப்பாயில் வந்தது.

அடுத்த மாரிக்குப் பள்ளம் நிரம்பித் தவளை கத்தியது. தண்ணீர் வற்றிய பிறகு ஒரு காலை, மக்டலின் அக்கா செம்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “குடிச்சுப் பாருங்கோ ஐவி.”

குடித்தேன். வாடை குறைந்திருந்தது, போகவில்லை. “நல்லாயிருக்கு அக்கா” என்றேன்.

“தண்ணியைப் பழிக்கப் பயந்துதானே இவ்வளவும் வந்தது” என்று செம்பை வாங்கி மிச்சத்தை என் முருங்கையடியில் ஊற்றினார். “அடுத்த மாரிக்குப் பாப்பம்.”

அவர் போய்க் கிணற்றுத் தகரத்தை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.