ஏனோக்கின் சுருதி

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும்போதே அதில் கனமில்லை என்று லூதருக்குத் தெரிந்துவிட்டது. திறந்து பார்த்தார். நீல வெல்வெட்டில் கிட்டார் கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது.

"அண்ணி, அண்ணனோட ஸ்டீல் கிட்டார் எங்க?"

லெய்மோமி கண்ணாடி முன்னால் நின்று கொண்டையில் பூச் செருகிக்கொண்டிருந்தாள். கணவர் ஏனோக் இறந்து பத்து நாளாகிறது. மூன்று மணிக்கு வைமானலோ தேவாலயத்தில் அடக்க ஆராதனை.

"கடையில போட்டுட்டார். அஞ்சு வாரம் ஆச்சு."

"எந்தக் கடையில?"

"வேற எந்தக் கடை? சனிக்கிழமையானா அண்ணனும் தம்பியும் போய் பழைய கிட்டாரா தடவிட்டு நிப்பீங்களே, அங்கதான். வண்டி ஓட்டினது நான். மூக்குல ஆக்சிஜன் குழாய், நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது. ஆனா அதைத் துண்டுல சுத்தி மடியில வெச்சிக்கிட்டு என்னைத் தொட விடல. பெட்டி மட்டும் வீட்லயே கிடக்கட்டும்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்க தம்பிக்குக் குடுக்கறதுதானேன்னு கேட்டேன். ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு வந்தார்."

லூதருக்குச் சுருக்கென்றது. கடைசி மூன்று வாரம் ராத்திரி பகல் பாராமல் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் அவர். ஊர் பேர் தெரியாதவனுக்குப் போகட்டும், தம்பிக்கு வேண்டாம் என்று நினைத்துவிட்டாரே.

அது இன்று நேற்று வந்த மனத்தாங்கல் அல்ல. ஹவாயின் பழைய ஸ்டீல் கிட்டார் வாசிப்புக்காரர்கள், கம்பிகளை முறுக்கி வைக்கும் விதத்தில் ஆளுக்கொரு சுருதி வைத்திருந்தார்கள். அடுத்தவன் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, மேடையை விட்டு இறங்கும்போது கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் இறங்குவார்கள். மற்றவர்கள் காலப்போக்கில் விட்டுவிட்டார்கள். ஏனோக் விடவில்லை. ஒன்றுக்குப் போக எழுந்தாலும் ஆறு திருகையும் திருகித் தளர்த்திவிட்டுத்தான் போவார். கடையில் விலை கேட்க எடுத்த கிட்டாரையும் அப்படித்தான் திருப்பி வைப்பார். நாற்பத்தாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்ட சொந்தத் தம்பிக்கும் அதே மரியாதைதான். நான்கு கம்பிகளை லூதர் காதாலேயே பிடித்துவிட்டார். இரண்டாவதும் ஐந்தாவதும் பிடிபடவில்லை. ஒரு முறை வெட்கத்தை விட்டுக் கேட்டதற்கு, "காது இருக்குல்ல?" என்றார் ஏனோக். அதோடு சரி.

லூதர் அண்ணனைத் திட்டுவார், ஆனால் அவர் வாசிப்பைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார். அண்ணன் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புக் கட்டையைக் கம்பிமேல் வழுக்கவிட்டு ஒரு மெட்டை முடித்தால், கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள்கூடக் கரண்டியோடு அப்படியே நிற்பார்கள். கச்சேரி முடிவில் அவர் வாசிக்கும் விடைபெறும் மெட்டை இன்றைக்கு நீதான் வாசிக்க வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தாள். வேறு சுருதியில் அதை வாசிப்பதைவிட வாசிக்காமலே இருக்கலாம்.

கம்பிகள் தளர்ந்துதான் கிடக்கும், கிட்டாராவது கைக்கு வரட்டும் என்று காலிப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு லூதர் மலையைத் தாண்டி ஹோனலூலுவுக்கு ஓட்டினார். ஊருக்கு ஊர் கிளை உள்ள கடை அது. வரும் பழைய கிட்டாரைத் துடைத்து, சாதாரண கிட்டாரைப் போலச் சுருதி கூட்டி, படமெடுத்து விற்பனைக்குப் போட்டுவிடுவார்கள். அதை நினைக்க நினைக்க அவர் கால் வேகமிதியை அழுத்திக்கொண்டே போனது.

பழைய சாமான் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் டார்லின் அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க அங்கிள். செய்தி கேட்டேன். மனசே சரியில்ல."

"அண்ணன் ஒண்ணு கொண்டாந்து போட்டாராமே. வித்துட்டீங்களா?"

"வாங்கின சாமானைக் கொஞ்ச நாள் உள்ள பூட்டி வெக்கணும், போலீஸ் ரூல். நேத்துதான் வெளிய எடுத்தேன்."

மேசைக்கடியிலிருந்து எடுத்து வைத்தாள். கழுத்தில் ஒரு சீட்டு தொங்கியது. 'திருகில் கை வைக்காதே' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான், அவர் சொல்லச் சொல்ல. திருகுல கை வெச்சா வியாபாரமே வேணாம், எடுத்துட்டுப் போறேன்னு நின்னுட்டார். எங்க மேனேஜர் முணுமுணுத்தார். உங்க அண்ணன்கிட்ட அதெல்லாம் நடக்குமா?"

லூதர் குனிந்து பார்த்தார். ஆறு கம்பிகளும் விறைப்பாக இருந்தன. அண்ணன் மடியில் இல்லாதபோது அவை விறைப்பாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலாவது தெரிந்தது. இரண்டாவது, அவர் இத்தனை வருடம் தேடிய இடத்துக்கு ஒரு படி கீழே நின்றது. மூன்று, நான்கு. ஐந்தாவது, எவனும் வைக்கத் துணியாத இடத்தில் இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இதை எப்படி நினைத்தான் இந்த மனுஷன் என்றும் தோன்றியது. மறுபடி தட்டினார், மறுபடியும். டார்லின் துடைத்த மேசைக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இன்னொண்ணும் சொன்னார். மொட்டைத்தலையன் ஒருத்தன் வருவான், பேரம் பேசுவான், ஒரு டாலர்கூடக் குறைக்காதேன்னார்."

லூதர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சமாவது குறைக்க முடியுமா?"

"முடியாது அங்கிள்."

சொன்ன விலையைக் கொடுத்தார். பெட்டிக்குள் ஒரு துண்டை மெத்தையாகப் போட்டுக் கிட்டாரைக் கிடத்தி, முன் இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினார். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார்.

தேவாலயத்தில் மாலைகள் மூடிய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஏனோக்கின் வயதுக்காரர்களான வாசிப்புக்காரர்கள் மூவர் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் எத்தனையோ வருடமாகக் காது கொடுத்துத் தோற்றவர்கள்.

லூதர் வாசித்தார். முதல் அடியை மெல்ல எடுத்தார். இரண்டாவது கம்பி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் மெட்டு அண்ணன் குரலிலேயே கூரைக்கு ஏறி இறங்கியது. போதகர் வேதப் புத்தகத்தைத் திறக்க மறந்து நின்றார்.

முடிந்ததும் லூதர் எழுந்தார். கிட்டாரை நாற்காலியில் கிடத்தினார். அவர் கை தானாகத் திருகுகளுக்குப் போனது. ஒன்று, இரண்டு என்று ஆறையும் தளர்த்தியது. முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

ஆராதனை முடிந்து மரியாதை செலுத்த எல்லாரும் வரிசையாக வந்தார்கள். அந்த வாசிப்புக்காரர் மூவரில் மூத்தவர் சவப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் கிட்டார்மேல் விரலை ஓட்டினார். தொளதொளத்த கம்பிகள் ஒன்றோடொன்று மோதின. அவர் லூதரை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

முன்வரிசையில் லெய்மோமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏனோக் உட்காரும் இடத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லூதர் போய் அங்கே உட்கார்ந்தார்.