இரண்டு முனையும் ஐந்து இருமலும்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், உருளை எந்திரத்தில் உறைந்த ரப்பர்ப் பால்கட்டியைக் கொடுத்து ரப்பர் சீட் இழுப்பவன் நல்லையா. எந்திரக்காரரின் மூளைக் களைப்பை அளக்கவென்று அன்று காலை யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்திருந்தார். கவராயத்தின் ஒரு முனையை மட்டுமோ, இரண்டையும் நெருக்கமாகவோ தோலில் வைப்பார். களைத்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியுமாம். களைத்தவன் எந்திரத்தை விட்டு மலைக்குப் புல்வெட்டப் போகவேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

நல்லையா தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். பாலை உறையவைக்கும் ஆசிட்டில் ஊறிக் காய்த்த அந்தக் கைக்கு, களைப்பில்லாத போதும் எல்லாம் ஒன்றுதான்.

"கவலைய விடுங்க கொழுந்தனாரே," என்றாள் அண்ணன் மனைவி ஜெயம்மா. "எதிர்லதானே சீட் கழுவுறேன்? முனை எத்தனையோ, அத்தனை தடவை இருமுறேன்."

"கண்ணை மூடும். எத்தனை முனை?" என்றார் டாக்டர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு.

ஏழு தடவையும் சரியாகச் சொன்னான். எட்டாவது தடவை, சீட்டைப் புகையில் உலர்த்தும் புகைவீட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. ஜெயம்மாவுக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது.

"அஞ்சுங்க!" என்றான் நல்லையா.

"என்னட்டை இருக்கிறதே ரெண்டு முனைதான்."

தொழிற்சாலையே சிரித்தது. நல்லையா கண்ணைத் திறந்தான். "மன்னிச்சுக்குங்கய்யா. ஆசிட்ல கை மரத்துப்போச்சு. மூளை நல்லாத்தான் இருக்கு."

"அது தெரியுது," என்றார் டாக்டர், ஜெயம்மாவைப் பார்த்து. "ரெண்டு பேருக்கும்."

'ஏமாற்றினான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். அவரோ அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழுத்தைக் காட்டும்," என்றார். கழுத்தில் இருமல் இல்லாமலே எல்லாம் சரியாகச் சொன்னான்.

மாலை நாலு மணிக்கு மறுபடியும் வந்தார். ஜெயம்மா தொண்டையைச் செருமினாள்.

"வேணாம் மதினி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான் நல்லையா. முனை கழுத்தில் பட்டது. "ஒண்ணுதாங்க தெரியுது," என்றான். மனசு அதற்குள் மலையேறிப் புல்வெட்டிக்கொண்டிருந்தது.

வைத்தது இரண்டு. டாக்டர் நேரே துரையிடம் போனார். "காலமை நல்லாயிருந்த மனுசனைப் பின்னேரத்துக்குள்ள களைக்க வைச்சது எந்திரம். மலைக்கு அனுப்பிறதெண்டால் அதை அனுப்புங்கோ," என்றார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் மூன்று மணிக்கு அரைமணி நேரம் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் எந்திரம் நின்றதும் நல்லையா தூணில் சாய்ந்து, "முருகா, அந்த டாக்டரு..." என்று வேண்டத் தொடங்கினான். பாதியிலேயே தூங்கிப்போனான். மீதியை ஜெயம்மா வேண்டிக்கொண்டாள்.