பதினோராம் நம்பரில் பார்த்தது

சின்னம்மா சொன்னதில் தான் விட்டுவிட்டது ஒரேயொரு வாக்கியம்தான் என்று சிவசக்தி முதல் சில நாட்கள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொன்னோம், அவ்வளவுதான். தன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். நமுனுகுல மலைச்சரிவில் அவர்கள் தேயிலைத் தோட்டத்தின் பதினோராம் நம்பர் மலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மற்றப் பெண்கள் கொழுந்து நிறுக்க இறங்கியபோது சின்னம்மா தனலெட்சுமி மட்டும் பின்தங்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு அவிழ்ந்துவிட்டது, அதைச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெறுங்கையோடு இறங்கி வந்தாள். கொழுந்துக் கூடை மேலேயே கிடந்தது. முகம் பயந்தமாதிரி இல்லை, ஏதோ யோசனையில் இருப்பதுபோல இருந்தது என்று பிறகு சொன்னார்கள். என்ன என்று கேட்டதற்கு, தண்ணீர் ஓடுகிற கானில் ஒன்று குளித்துக்கொண்டிருந்தது, மனுசனும் இல்லை மிருகமும் இல்லை என்றாள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் நாற்பது பெண்களும் பதினோராம் நம்பருக்குப் போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். முதலில் குரல் கொடுத்தவள் கலாராணி. தனலெட்சுமியக்கா இருபத்தெட்டு வருசமாக மலையில் நிற்கிறவள், பாம்பைக் கண்டாலே சத்தம் போடாதவள், அவள் கூடையை விட்டுவிட்டு வந்தால் அது சும்மா இல்லை என்று கங்காணியிடம் சொன்னாள். கங்காணி ஜெயகுமார் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனார். துரை பதுளைக்குத் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை வனஜீவராசிகள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. சிவசக்தியைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் போனது.

சிவசக்தி தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிறாள். அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். இப்போது பதுளை டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் திரும்புகிறாள். அவளுடைய சிங்களத்தில் தோட்டத்தின் சாயல் துளியும் இராது. கடையிலோ பஸ்ஸிலோ அவள் பேசினால் யாரும் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பார்க்காமைக்காக அவள் பல வருடம் உழைத்திருந்தாள். தனலெட்சுமி அவளுடைய அம்மாவின் தங்கை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்த ஒன்பது வருடமும் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் இந்தச் சின்னம்மாதான்.

தோட்ட அலுவலகத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரிகளில் மூத்தவர் முதலில் அவள் சிங்களத்தைப் பாராட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். பதுளை என்றாள். இந்த அம்மாவை முன்பே தெரியுமா என்றார். பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறவர், தெரியும் என்றாள். இரண்டும் பொய்யில்லை. இரண்டையும் சொல்லும்போது காது மடல் சூடானதை மட்டும் அவள் கவனித்தாள்.

சின்னம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அதிகாரிகளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். அடுப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள். அது கானில் குந்திக் குளித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அளவு. உடம்பெல்லாம் கறுப்பு மயிர், வால் இல்லை, உள்ளங்கை மட்டும் வெளுப்பு. கையால் தண்ணீரை அள்ளிக் கழுத்தில் விட்டுக்கொண்டிருந்தது.

இளைய அதிகாரிக்கு மொழி புரியவில்லை. ஆனால் சின்னம்மா கையால் அள்ளிக் கழுத்தில் விட்டுக் காட்டியதைப் பார்த்து அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிவசக்தி அதைக் கண்டாள். சிங்களத்தில் அவள், கானுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ நின்றதாம் என்றாள்.

"என்னயப் பாத்ததும் ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிச்சு, புள்ள," என்றாள் சின்னம்மா. "அதுக்கு வெக்கமாப் போயிருச்சு. அதனால நான்..."

"போதும்," என்று சிவசக்தி கைகாட்டினாள்.

அந்த வாக்கியத்தை எந்த வாயால் சொல்வது? காட்டுமிருகம் வெட்கப்பட்டது என்று இந்த இரண்டு பேரிடம் சொன்னால், தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் என்று ஜீப்பில் ஏறியதும் சிரிப்பார்கள். மொழிபெயர்க்க வந்த மிஸ்ஸையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அவள் அதை விழுங்கிவிட்டாள். தூரத்தில் இருந்ததால் இந்த அம்மா சரியாகப் பார்க்கவில்லை என்று ஒன்றைச் சேர்த்தும் விட்டாள்.

மூத்தவர் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினார். கரடி, குரங்கு, காட்டுப்பன்றி, சிறுத்தை. சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி இல்லை என்றாள். எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். சிவசக்தி அதைத் தமிழில் கேட்டாள்.

"பாக்கல," என்றாள் சின்னம்மா.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றைக் கண்டவள் அது போன திசையைக்கூடப் பார்க்கவில்லையா? சிவசக்திக்கும் அந்த நேரம் அதே எண்ணம்தான். சின்னம்மா எதையோ கண்டு மிரண்டு, மீதியைக் கற்பனையில் இட்டு நிரப்பியிருக்கிறாள். நல்லவேளை நான் முழுதும் சொல்லவில்லை. ஒருவேளை நாயாக இருக்குமோ என்றார் மூத்தவர். சின்னம்மாவிடம் கேட்காமலே, இருக்கலாம் என்றாள் சிவசக்தி.

அவர் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். சின்னம்மாவுக்குச் சிங்களம் படிக்கத் தெரியாது. பேனாவை வாங்கித் தன் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதினாள். வாசித்துக் காட்டு என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் ஜெயகுமார், ஆபீசர்மார் நாய் என்று எழுதிவிட்டார்கள், எல்லோரும் பதினோராம் நம்பருக்கு ஏறுங்கள் என்றார். பெண்கள் ஏறினார்கள். தனலெட்சுமியை நம்பிக் கங்காணி முன்னால் நின்று வாக்குவாதம் பண்ணியவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதை அவள் மேலேயே இறக்கினார்கள். கலாராணிதான் எல்லாரையும் விடப் பொல்லாதவளானாள்.

"தனலெட்சுமியக்கா, ஒங்க நாய் இன்னைக்கு சவுக்காரம் கேட்டுச்சா?" என்று நிரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். மலை முழுக்கச் சிரிப்பு ஓடும்.

சிவசக்திக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வழியாக வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி நாய் குளிக்கிற படம் வரைந்து பக்கத்து மேசைக்குக் கொடுத்தாள். சிவசக்தி அதைப் பறித்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஏன் வைத்தோம் என்று தெரியவில்லை. வரைந்தவளை ஏச வாய் வரவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபோது சின்னம்மா வாசலில் நின்றாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.

"நான் நாயின்னா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"இல்ல, சின்னம்மா."

"நீ நாயின்னா சொன்ன?"

உண்மையைச் சொல்ல அங்கேயே ஓர் இடம் இருந்தது. சிவசக்தி அதைத் தெளிவாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போனாள்.

"நான் ஏன் சொல்றேன்? அவங்களா எழுதிக்கிட்டாங்க."

சின்னம்மா உடனே நம்பினாள். அவள் முகம் அப்படியே தளர்ந்து லேசானது. அதானே, எம்புள்ள மாத்திச் சொல்லாது என்று கலாராணியிடம் அன்றைக்கே சொன்னேன் என்றாள். பீலியடியில் தண்ணிக்கு நின்ற எல்லார் முன்னாலும் சொன்னாளாம். சக்தி சரியாகத்தான் சொன்னது, அவனுகள்தான் தோட்டத்து ஆட்கள்தானே என்று இஷ்டத்துக்கு எழுதிவிட்டான்கள் என்று. அதனால் இருவருமாகப் பதுளைக்குப் போய் அந்த ஆபீசரிடம் கேட்டு அதைத் திருத்த வேண்டும். புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன், நீயும் எடு.

சின்னம்மாவை யாரும் நம்பாத அந்த வாரத்தில், அவள் ஒரு சொல்லையும் சந்தேகப்படாமல் தன்னை நம்பிவிட்டாளே என்பது பின்னேர பஸ்ஸில் போகும்போதுதான் சிவசக்திக்கு உறைத்தது. சட்டைக்குள் மயிர்ப்பூச்சி விழுந்ததுபோல இருந்தது. சின்னம்மா கண்டது என்னவாக இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. தன்னைப் பற்றித்தான் யோசித்தாள். இத்தனை படித்து இத்தனை தூரம் வந்தது இந்த ஒரு வாரத்துக்காகத்தானா என்று.

புதன்கிழமை அலுவலகம் பூட்டியிருக்காதா என்று பஸ் முழுக்க ஏங்கினாள். திறந்திருந்தது. மூத்த அதிகாரி இருவரையும் அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் அவருடைய சாப்பாட்டுப் பொதி பிரிக்காமல் இருந்தது. இளையவனைக் காணவில்லை.

"நான் சொன்னத ஏன் மாத்தி எழுதுனீங்கன்னு கேளு," என்றாள் சின்னம்மா. "மரியாதயாவே கேளு."

அதிகாரி அவளைப் பார்த்தார். சின்னம்மாவும் அவளைப் பார்த்தாள். இவர் உங்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லலாம். திருத்திவிடுவதாகச் சொல்கிறார் என்று தமிழில் சொல்லலாம். இரண்டு பேரும் நம்புவார்கள். எழுந்து வெளியே போய்விடலாம். எவ்வளவு சுலபம். அன்றைக்கும் இப்படித்தான் சுலபமாக இருந்தது.

இவர் என் சின்னம்மா, என்னை வளர்த்தவர் என்று சிங்களத்தில் தொடங்கினாள். அன்றைக்கு நீங்கள் எழுதியதில் பிழையில்லை, நான் சொன்னதில்தான் பிழை. இவர் நாய் என்று சொல்லவே இல்லை. தூரத்தில் பார்த்ததாகவும் சொல்லவில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள். அவர் சிரிக்கவுமில்லை, ஆறுதலாக எதுவும் சொல்லவுமில்லை. சொன்னதை எழுதுவது என் வேலை மிஸ், அது என்னவென்று தேடுவது அதற்குப் பிறகுதான் என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"என்னா சொல்றாரு?"

"நான்தான் மாத்திச் சொன்னேன், சின்னம்மா. அவங்க இல்ல."

சின்னம்மா அவள் பக்கம் குனிந்தாள். பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எம்பேச்சுல நம்பிக்க இல்லாமயா? இல்ல, என்னால ஒனக்கு வெக்கமாப் போச்சா?"

நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் சின்னம்மாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சிவசக்திக்கு அது தெரிந்தது.

"வெக்கம்," என்றாள்.

சின்னம்மா தலையசைத்தாள். நாற்காலியை இழுத்து அதிகாரியின் பக்கம் திருப்பிப் போட்டாள். இப்போது சிவசக்திக்கு அவளுடைய கொண்டையும் ஒரு பக்கத்துக் காதும்தான் தெரிந்தன. பிறகு அவள் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள்.

அது சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களம். வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் கை வந்தது. காலம் எல்லாம் கலந்து போனது. வகுப்பில் பிள்ளைகள் இப்படிப் பேசினால் சிவசக்தி சிவப்பு மையில் கோடிழுப்பாள். அதிகாரி அவசரப்படாமல் எழுதினார். புரியாத இடத்தில் நிறுத்தி, இப்படியா என்று கேட்டார். கான் வந்தது, தண்ணீர் வந்தது, கழுத்து வந்தது. அது முகத்தை மூடியதைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல் தெரியாமல் சின்னம்மா நின்றாள். அந்தச் சொல் சிவசக்தியின் நாக்கு நுனியில் இருந்தது. அதைக் கேட்பதற்காக யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அதிகாரியே வெட்கத்துக்கான சொல்லைச் சொல்லி, அதுவா என்றார். ஆமாம் என்றாள் சின்னம்மா.

அன்றைக்குச் சிவசக்தி கைகாட்டி நிறுத்தியதன் மீதி அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் லயத்தில் பீலியில் ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தால் அந்த வழியாகப் போகிறவர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவோம் என்றாள். அது வெட்கப்பட்டதும் நானும் அப்படியே திரும்பிக்கொண்டேன். தேயிலையைப் பார்த்தபடி நின்றேன். அது எழுந்து போக நேரம் கொடுக்க வேண்டுமில்லையா. கூடை அதன் பக்கத்தில் இருந்ததால் எடுக்கப் போகவில்லை.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அதனால்தானா எந்தப் பக்கம் போனதென்று பார்க்கவில்லை என்றார்.

அதனால்தான்.

சிவசக்தி மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா பொய் சொல்கிறாள் என்று தான் முடிவுகட்டியது அந்த ஒரு பதிலை வைத்துத்தான். அந்தப் பதிலைப் பொய்யாக்கியதும் தான்தான். இடையில் இருந்த வாக்கியத்தைப் பிடுங்கிவிட்டு, மீதி ஏன் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கானில் இருந்தது கரடியோ குரங்கோ, இன்னும் யாரும் பெயர் வைக்காத வேறொன்றோ, அவளுக்குத் தெரியாது. அது குளித்து முடித்துப் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடம் சின்னம்மாவின் கைகளால் தலைவாரிக்கொண்டவளுக்கு அவளைப் பற்றி இது தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் அப்படித் திரும்பி நின்றீர்கள் என்று அதிகாரி கேட்டார். சின்னம்மா யோசித்து, ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் என்றாள். அவர் அதையும் எழுதினார். முடித்துவிட்டுக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்.

சின்னம்மா பேனாவைத் தொடவில்லை. வாசிக்கச் சொன்னாள்.

அவர் முதல் வரியிலிருந்து மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஓர் இடத்தில் நிறுத்தி, பன்னிரண்டு வயது என்று அவர் எழுதியதை, வயது எனக்கெப்படித் தெரியும், உயரம் அவ்வளவு என்று எழுதுங்கள் எனத் திருத்தினாள். அவர் அடித்து எழுதினார். சிவசக்தி எதையும் திருத்தாமல், தன் சின்னம்மாவின் பிழையான சிங்களத்தைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹரி," என்று அதிகாரியிடம் சிங்களத்திலேயே சரி சொல்லிவிட்டு, சின்னம்மா பேனாவை எடுத்தாள்.