கள்ளக்கால்

நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த திருட்டு ஒன்று உண்டு. பிள்ளை கைகளை வீசி வீசிப் போடும், ஒரு கால் பின்னால் படபடவென்று தண்ணீரை அடிக்கும். இன்னொரு கால் அடியில் தரையைத் தொட்டுத் தொட்டு நொண்டியடித்துக்கொண்டு வரும். மேலே உட்கார்ந்து கைதட்டுகிற அப்பா அம்மாக்களுக்கு அது தெரியவே தெரியாது. கரையில் கூடவே நடந்து வரும் பயிற்சியாளருக்குத் தெரியாமல் போகாது. அதற்குக் கள்ளக்கால் என்று பெயர்.

நகராட்சி நீச்சல்குளத்தில் சனிக்கிழமை இலவச வகுப்பு எடுக்கிற பெண்ணைப் பிள்ளைகள் விசிலக்கா என்று கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகக் கழுத்தில் தொங்கும் அந்த விசிலைத் தூங்கும்போதாவது கழற்றுவாளா என்பது அவர்களுக்குத் தீராத சந்தேகம். சேர்க்க வரும் பெற்றோரில் பாதிப் பேர், "ஆழம் தெரியாம கால விடாதேன்னு சொல்வாங்களே" என்று இழுப்பார்கள். "அப்படிப் பாத்தா ஒருத்தரும் குளிக்கவே முடியாது. கொண்டாந்து விடுங்க" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

பிள்ளையை மூழ்கடிப்பது பயம்தான், தண்ணீர் இல்லை என்பது அவள் கட்சி. அதனால் கள்ளக்காலைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவாள். குளத்தின் அகலத்தைக் கடந்தால் மஞ்சள் தொப்பி. தொப்பி தலையில் ஏறியதும் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும், அடுத்த சனிக்கிழமை கால் தானாக மேலே வந்துவிடும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை, அதனால் அவளுக்கு அதுவே வேதவாக்கு.

அந்த வகுப்பில் குண்டூசி என்று ஒரு பெண், ஒன்பது வயது. பெயருக்கு ஏற்ற உடம்பு, பெயருக்கு ஏற்ற வாய். முதல் நான்கு வாரம் கரைக் கம்பியை விட்டு அவள் கையைப் பிரிக்க முடியவில்லை. "தண்ணி என்னை முறைக்குதுக்கா" என்பாள். "நீயும் முறை" என்பாள் விசிலக்கா. பத்தாவது வாரம் முகத்தை முக்கினாள். பன்னிரண்டாவது வாரம் தேர்வு. கையெல்லாம் பிரமாதம், கால்தான் கள்ளக்கால். அந்தப் பக்கச் சுவரைத் தொட்டதும் உதடு நடுங்க நிமிர்ந்து பார்த்து, "பாஸாக்கா?" என்றாள்.

மறுநாள் குளத்தை வடித்துவிட்டு ஓடு மாற்றப் போகிறார்கள், இரண்டு மாதத்துக்கு அடுத்த சனிக்கிழமை என்ற ஒன்றே கிடையாது. அது விசிலக்காவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொப்பியை எடுத்து அவளே மாட்டிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் குண்டூசியின் குடும்பம் ஒரு ஏரிக்கரைக்குப் போனது. சித்தி மகளின் செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்து போயிற்று. "நான் எடுத்தாரேன், எங்கிட்டதான் மஞ்சத் தொப்பி இருக்கே" என்று குண்டூசி இறங்கினாள். கொஞ்ச தூரம் தரை இருந்தது. பிறகு இல்லை. ஒரு செருப்புக்காக ஒரு பிள்ளை போய்விட்டது.

சேதி வந்த அன்றே குளத்து மேனேஜர் விசிலக்காவைக் கூப்பிட்டு, "நீங்க வாயத் திறக்காதீங்க. ஏரி வேற, குளம் வேற. நம்ம ரெக்கார்டுல பாஸ்னா பாஸ்" என்றார். அவர் நல்லவர்தான். நல்லவர்கள் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர்கள். விசிலக்கா சாவு வீட்டுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, குண்டூசி அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.

நான்காவது வாரம் ஒரு காலை அந்த அம்மாவே வந்தாள். காலிக் குளத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள். விசிலக்கா மிதவைப் பலகைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கேட்காமலே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நீச்சல் தெரிஞ்ச பொண்ணு எப்படி முழுகும், நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு அவங்கப்பா கேக்கறாரு. எங்கம்மாவும் அதையேதான் கேக்கறாங்க. நான் சாப்பாட்டுப் பையப் பிரிச்சிட்டு இருந்தேன். அவ்வளவுதான் பண்ணேன்."

விசிலக்கா பலகையைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானே கூடவே நடந்து வந்தீங்க. அவ நல்லாதான நீந்தினா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேனேஜருக்கும் நிம்மதி. ஆனால் அப்படிச் சொன்னால் பழி முழுக்க இந்தச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தவள் தலையில் நின்றுவிடும், சாகும்வரை இறங்காது. அதற்குச் சொந்தக்காரி தான்தான் என்பது விசிலக்காவுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று துணிந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து அவள் எதையும் சொன்னதில்லை.

"இல்லம்மா. அவ நீந்தல. ஒரு கால் தரையில ஊனியிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டேதான் தொப்பி குடுத்தேன். உங்க மேல தப்பில்ல, எல்லாம் என் தப்பு. வீட்ல சொல்லுங்க. நானே வந்து வேணும்னாலும் சொல்றேன்."

அவள் அடிப்பாள், இல்லாவிட்டால் அலறுவாள் என்று விசிலக்கா காத்திருந்தாள். அந்த அம்மா ஓடு பதிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

விசிலக்காவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியிலயே சொல்லிட்டா. 'அம்மா, நான் ஒரு கால ஊனிட்டுதான் வந்தேன், அக்கா பாக்கவே இல்ல'ன்னு ஒரே சிரிப்பு. 'பாஸ்னா பாஸ்தான்டி, யார்ட்டயும் சொல்லாதே'ன்னு நானும் சேந்து சிரிச்சேன். தெரிஞ்சேதான் அவள ஏரில இறங்க விட்டேன், டீச்சர்."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை என்று விசிலக்காவுக்கு இருந்தது.

"நாலு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிறேன், பிள்ளை விளையாட்டுக்கு அளந்துவிட்டிருப்பா, நிஜமா நீந்தியிருப்பான்னு. அது நிஜம்னு சொல்ல உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. அதக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

விசிலக்கா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "இல்லம்மா, இருங்க. நான் சரியா பாக்கல. தண்ணி கலங்கலா இருந்துச்சு அன்னிக்கு. நடுவுல ரெண்டு கை வீசற தூரம் நெஜமாவே நீந்தினா, அது மட்டும் எனக்கு நல்லா…"

"வேண்டாம் டீச்சர்."

கையை உருவிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டிருந்தாள். இனி எந்தப் பொய்யைச் சொன்னாலும் இவளிடம் செல்லாது என்பது விசிலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லக்கூடிய ஒரே பொய்யைச் சொல்ல வேண்டிய ஒரே நிமிடத்தில் அவள் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தாள்.

"இப்ப நான் எத வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்று அந்த அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்கிறவள் போலக் கேட்டாள்.

வேலையாட்கள் கரண்டிகளைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்வரை இருவரும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.