அசல் மாதிரியே ஒரு பியர்

சரியான பியரைக் கண்டுபிடிக்கக் கணேசலிங்கத்துக்குப் பதினான்கு வாரம் பிடித்தது.

ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, இப்போதே குடியைக் குறைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் செபமாலைமுத்துவின் கடைக்குப் போனார். போதை இல்லாத பியர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருபது வருடமாக அவருக்குப் பியர் விற்ற நண்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு யாரும் தொடாத கீழ்த்தட்டில் கையை விட்டு, தூசி தட்டி, ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தான்.

அது பாண்ரொட்டி ஊறிய தண்ணீர் போல இருந்தது. அடுத்த வாரம் வாங்கியது தித்தித்தது. இன்னொன்றில் மாம்பழ வாசனை அடித்தது. வேறொன்றில் நுரை கிளாஸுக்குள் விழும்போதே செத்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும் வாய் தேடியது போதையை அல்ல, அந்த முதல் மிடறின் கசப்பைத்தான் என்று அவர் நம்பினார். அந்தக் கசப்பு மட்டும் கிடைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தோன்றியது. செபமாலைமுத்துவும் இந்தத் தேடலில் இழுபட்டுப் போனான். மொத்த வியாபாரக் கடைக்குப் போகும்போதெல்லாம் புதிதாக இரண்டு வகை கொண்டுவந்தான்.

"மச்சான், உன்னால என்ர கடை மருந்துக்கடையாப் போகப் போகுது" என்று புலம்பிக்கொண்டே கொண்டுவந்தான்.

பதினான்காவது வாரம் ஜெர்மனியில் செய்த மண்ணிறப் போத்தல் ஒன்று வந்தது. கணேசலிங்கம் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். நாக்கின் அடியில் அதே கசப்பு, மூக்கில் அதே வாசனை. கிளாஸோடு குசினிக்கு ஓடி, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி சிவரூபினியின் முகத்துக்கு நேரே நீட்டினார். மணந்து பாரும், அசல் மாதிரியே இல்லையா என்று கேட்டார். ஓம், அதே மணம்தான் என்றாள் அவள். மறுபடி வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. பதினோரு வருடமாக எந்தக் கொண்டாட்டத்திலிருந்தும் வீட்டுக்குக் காரை ஓட்டி வருவது சிவரூபினிதான். அவர் பக்கத்து சீற்றில் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கி வருவார். ஒரு முறையாவது மனைவியையும் மகளையும் தானே வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

அதற்கு ஒரு மார்ச் சனிக்கிழமை வாய்த்தது. நண்பர் முருகேசனின் ஐம்பதாவது பிறந்தநாள், லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. போகும் வழியிலேயே, திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன் என்று அறிவித்தார். பாப்பம் என்றாள் சிவரூபினி. பின்சீற்றில் இருந்த பதினேழு வயது மகள் ஹம்சினி காதிலிருந்த இயர்போனைக் கழற்றி அதைக் கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் குடிக்க விடமாட்டார்கள். ஆகவே வழக்கம்போல ஆண்கள் கார் பார்க்கில் செபமாலைமுத்துவின் காரைச் சுற்றி நின்றார்கள். டிக்கி திறந்திருந்தது. ஒரு பக்கம் விஸ்கி, ஒரு பக்கம் ஐஸ், மூலையில் கணேசலிங்கத்துக்கென்று மூன்று மண்ணிறப் போத்தல்கள். ஞானஸ்நானத் தண்ணீர் குடிக்கிறான் என்றார்கள். பால் குடிக்கச் சூப்பிப் போத்தல் வேணுமா என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே மூன்றையும் குடித்தார். பிறகு யாரோ கேட்டதற்காக, எப்போதும் சொல்லும் அந்தப் பள்ளிக்கூடக் கதையையும் சொன்னார்.

ஹம்சினிக்கு அப்போது ஆறு வயது. இரண்டு டின் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் முடிந்து அவளைக் கூட்டிவரப் போயிருக்கிறார். ஆசிரியை பிள்ளையை விடமாட்டேன் என்று தாயை வேலையிலிருந்து கூப்பிட்டுவிட்டாள். அந்த ஆசிரியை போல உதட்டைக் குவித்து, இங்கிலீஷைப் பல்லிடுக்கில் கடித்து நடித்துக் காட்டுவதில் கணேசலிங்கம் கெட்டிக்காரர். இரண்டே டின், மூன்றடி தூரத்தில் நின்றவளுக்கு மணந்துவிட்டது என்று முடிப்பார்.

"அது மூக்கில்லை மச்சான், ஸ்கான் மெசின்" என்றான் செபமாலைமுத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

நான்கு மணிக்குப் புறப்பட்டபோது அவர் கை நீட்டி, "கார்த் திறப்பைத் தாரும்" என்றார். வெறும் போத்தல் ஒன்றையும் சாட்சிக்கு எடுத்து வந்திருந்தார். சிவரூபினி அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திறப்பைக் கொடுத்தாள். இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கார் வாசலைத் தாண்டுவதற்குள் பின்பக்கக் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

"பிள்ளை, கண்ணாடியை ஏத்து. குளிருது."

"பரவாயில்லை அப்பா."

"நான் குடிக்கேல்லை. மூண்டும் ஸீரோ."

"ஐ நோ அப்பா. லேபிள் பாத்தனான். ஆனா மணம் அதேதான்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. மழை வந்தால் குடையை விரிப்பது போல, காருக்குள் அப்பா ஏறினால் கண்ணாடியை இறக்குவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பதினோரு வருடம் முன்சீற்றில் தூங்கிக்கொண்டு வந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கொஞ்சத் தூரம் போன பிறகு அவளே பேசினாள்.

"ஜாக்கெட் எடுக்க வரேக்கை நீங்கள் அந்தக் கதை சொல்லுறது கேட்டது."

"அது சும்மா பகிடிக்கு."

"மிஸ்ஸுக்கு ஒண்டும் மணக்கேல்லை அப்பா. நான்தான் சொன்னது. அப்பாவில அந்த மணம் வருது, அம்மாவைக் கூப்பிடுங்கோ எண்டு."

கணேசலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அவளோட எப்பிடிக் கதைச்சிருப்பியள்?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார்.

அன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எதிரே ஹம்சினி கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்திருந்தாள். ஒரு முறைகூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆசிரியைக்குப் பயந்துபோய் இருக்கிறாள் என்றுதான் நினைத்தார். வீட்டுக்கு வந்து அவளுக்காக அந்த ஆசிரியையைத் திட்டினார். பிறகு எத்தனை டிக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை பேருக்கு முன்னால், தன்னைக் கண்டு ஒரு குழந்தை பயந்ததைப் பகிடியாக்கிச் சிரிக்க வைத்திருக்கிறார்!

கிங்ஸ்டன் பாலத்தில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. கீழே தேம்ஸ் சாம்பல் நிறமாக ஓடியது. "பிள்ளை" என்று தொடங்கினார். பின்சீற்றைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது அவள் காதில் இயர்போன் இருந்தது. மறுபடி கூப்பிடத் துணிவு வரவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். சிவரூபினி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். வீடு வரைக்கும் ஒருவரும் கண்ணாடியை ஏற்றவில்லை.

வாசலில் கார் நின்றதும் ஹம்சினி இறங்கினாள்.

"தாங்க்ஸ் அப்பா" என்றாள், ஊபர்காரனிடம் சொல்கிற அதே மரியாதையோடு.

தாயும் மகளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தாமல் விட்டார்கள். அவர் காரிலேயே இருந்தார். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார். இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்து, நெஞ்சிலிருந்து ஊதி, மூக்கை நுழைத்து மணந்து பார்த்தார். மறுபடியும் ஊதினார். அவருக்கு ஒரு மணமும் வரவில்லை.