பல்லுக் கார்

அரைஞாண் கயிற்றை அறுத்ததும் சாவி கல்லில் விழுந்த சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருந்த பூவாத்தாளுக்குக் கேட்டது. பின்வாசலில் நான்கு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கணவன் நஞ்சுண்டனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்த பெண்களெல்லாம் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். செத்தது யார் வீட்டுக்காரர், தேற்றுவது யார் என்று பார்ப்பவர்கள் குழம்பிப்போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்வதைத்தான் நஞ்சுண்டன் நேற்றும் செய்தார். மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கம்போல வெகுநேரம் கழித்து வந்தார். துணியை அலசிக் கொடியில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "பூவாத்தா, டீ வெய்யி" என்றார். அவள் டம்ளரோடு வந்தபோது உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார். கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, "ஆறிப்போகுதுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ரயில்வே உத்தியோகத்தில் ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போடாத மனிதர். இப்படியா போவார்?

நஞ்சுண்டனின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து சாவியை அவள் மடியில் வைத்தார்.

"கார் ஷெட் சாவிங்க அம்மணி. இடுப்புலயே கட்டி வெச்சிருந்திருக்கறான்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அந்தக் கார் அவர்கள் அப்பா காலத்தில் பல்லடத்தில் பஞ்சு அரவை மில் ஓடியபோது வாங்கியது. அமெரிக்கக் கார், டிசோட்டோ. முன்பக்கம் வாய் அகல விரிந்து, பெரிய பெரிய வெள்ளிப் பல்லாக இளித்துக்கொண்டிருக்கும். அதனால் குடும்பத்தில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அது பல்லுக் கார்தான். அப்பா இறந்தபோது அவரது பாடைக்கு முன்னால் மாலை போட்டுக்கொண்டு போனது. திரும்பி வரும்போது நொய்யல் பாலத்தில் நின்றது நின்றதுதான். தள்ளிக்கொண்டுதான் வீடு சேர்த்தார்கள். பிறகு பாகம் பிரித்தபோது மூத்தவருக்கு மில், சின்னவருக்கு அவிநாசி ரோட்டு நிலம், நடுவில் பிறந்த நஞ்சுண்டனுக்குப் போத்தனூர் வீடும் இந்த ஓடாத காரும் என்று ஆயிற்று. நஞ்சுண்டன் சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை!

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் காரின் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

"கெறைஸ்லர் கம்பெனி ஊட்டுல இது நடுப்புள்ளைங்க. பெரும் பணக்காரனுக்கும் இல்லாம, இல்லாதவனுக்கும் இல்லாம, நடுவுல இருக்கறவனுக்குன்னே செஞ்ச காரு. இருவத்தெட்டுல எறங்குச்சு. மொத வருசமே எம்பதாயிரத்துக்கு மேல வித்துப்போட்டாங்க. முப்பது வருசத்துக்கு அந்தக் கணக்க எவனும் தாண்டலீங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பிப்பார். போகப் போகக் குரல் இறங்கும். "வெளியாளு யாரும் கெடுக்கலீங்க. கீழ இருந்த தம்பி டாட்ஜு வெலைய ஏத்திட்டு மேல வந்துட்டான். மேல இருந்த அண்ணன் கெறைஸ்லரு வெலையக் கொறச்சுட்டுக் கீழ எறங்கிட்டான். நடுவுல இது நிக்கறதுக்கு எடமில்ல. அறுபத்தொண்ணாம் வருசத்து வண்டி கடைக்கு வந்து ரெண்டு மாசம் முழுசா ஆகலீங்க, மூடிப்போட்டாங்க."

ஒரு கார் கம்பெனிக்கு இவ்வளவு துக்கமா என்று கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். பூவாத்தாளும் சிரிப்பாள். "அவுருக்கு மொத சம்சாரம் அதுதானுங்க. நான் ரெண்டாந்தாரம்" என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிடுவாள். வீடே கலகலத்துப் போகும். நஞ்சுண்டனும் கூடவே சிரிப்பார்.

சாவியைக் கொடுத்த ஈஸ்வரமூர்த்தி அங்கேயே நின்றார்.

"அம்மணி, எனக்கு ஒண்ணு தோணுது. அப்பாவுக்கு முன்னால போன வண்டி இவனுக்கு முன்னாலயும் போகட்டும். வாழ்நாள் பூரா அதையத்தான் பொத்திப் பொத்தி வெச்சான். நாந்தான் அவனைக் கேலி பேசியே..." முடிக்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

செத்த வீட்டில் ஒரு யோசனை கிளம்பிவிட்டால் அதற்குக் கைகால் முளைக்க எவ்வளவு நேரம்? சின்னவர் தனபால் பெரிய மாலைக்குச் சொல்லி அனுப்பினார். காரைத் தள்ளுவதற்கு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் நந்திதாகூட, "ஆமாம்மா, அப்பா ரொம்பச் சந்தோசப்படுவாரு" என்று அழுதாள்.

பந்தலின் ஓரத்தில் அப்துல் வஹீது நின்றுகொண்டிருந்தார். உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், நஞ்சுண்டனுக்கு நெடுநாள் சிநேகிதர். ஈஸ்வரமூர்த்தி அவரைக் கூப்பிட்டு, "பாய், வண்டிய வெளிய எடுக்கோணும், வாங்க" என்றதும் அவர் முகத்தில் ரத்தம் செத்துவிட்டது.

"பேட்டரி இல்லீங்களே."

"தள்ளிக்கலாம்."

"டயர்ல காத்து இல்லீங்க."

"அடிச்சுக்கலாம் பாய். நாலு டயருக்குக் காத்தடிக்க ஆளில்லையா இங்க?"

வஹீது ஈஸ்வரமூர்த்தியை விட்டுவிட்டுக் கூடத்து வாசலுக்கு வந்தார். "அக்கா, மொதல்ல நீங்க ஒருக்கா வந்து பாத்துருங்க. நீங்க மட்டும்" என்றார். பூவாத்தாள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஷெட்டுக்குள் அவள் கால் வைத்துப் பல வருஷங்கள் இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு. சாம்பல் நிற உறையைப் போர்த்திக்கொண்டு, பின்பக்கம் வளைந்து, முன்பக்கம் மூக்கு நீட்டி, அடியில் டயர் தெரிய அது நின்றுகொண்டிருக்கும். இப்போதும் நின்றது. வஹீது உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பூவாத்தாள் உறையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

கார் இல்லை.

மூங்கில் இருந்தது. மூங்கிலைப் பிளந்து வளைத்து, கயிற்றால் கட்டி, கூரைக்கு ஒரு வளைவு, மூக்குக்கு ஒரு வளைவு என்று கார் மாதிரியே ஒரு கூடு. நான்கு மூலையிலும் நான்கு பழைய டயர்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் சிமென்ட் கற்களின் மேல் காரின் முன்சீட்டு மட்டும். வேறு ஒன்றுமே இல்லை. அவள் உறையை விட்டுவிட்டு, மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த மனிதர் எதைத் துடைத்தார்?

"காரு எங்கீங்க பாய்? திருடு போயிருச்சா?"

"இல்லீங்க்கா. அண்ணனே குடுத்துட்டாரு." வஹீது சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தக் கம்பெனிய மூடி அறுபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. எங்கீமே ஸ்பேர் கெடையாது. இன்னொரு வண்டி செத்தாத்தான் ஒரு வண்டி ஓடும். மொதல்ல மைசூர்ல இருந்து ஒருத்தரு கியர்பாக்ஸ் கேட்டு எங்கடைக்கு வந்தாரு. நான் அண்ணங்கிட்டக் கூட்டியாந்தேன். தாத்தா வெச்சிருந்த வண்டி, எப்படியாச்சும் ஓட்டிப்போடோணும்னு அந்தாளு கண்ணு கலங்கிட்டாரு. அண்ணன் ஒரு நாள் பூரா யோசிச்சாரு. அடுத்த நாள் கழட்டிக்கச் சொல்லிட்டாரு. அப்பறம் பூனாவுல இருந்து, கொச்சியில இருந்துன்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. கதவு, கண்ணாடி, ஸ்டீயரிங்கு, கடைசியில பாடி மொதக்கொண்டு எல்லாம் அப்படித்தான், நீங்க பெங்களூருல மக ஊட்டுக்குப் போயிருந்தப்பெல்லாம் போச்சுங்க."

"வித்தாரா?"

"ஒரு பைசா வாங்கலீங்க. 'இங்க நின்னு துருப்புடிக்கறதுக்கு, ஓடற வண்டியில ஒட்டிக்கிட்டாவது ஓடட்டும் பாய்'ன்னு சொல்லுவாரு."

வஹீது செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கல்யாணம். பூவால் ஜோடித்த சிவப்பு டிசோட்டோ ஒன்று கூட்டத்துக்கு நடுவில் மெல்ல ஊர்ந்து வந்தது. முன்னால் அந்தப் பல். இடது ஓரத்தில் நந்திதா சின்னவளாக இருந்தபோது கல்லால் அடித்து நசுங்கிய அதே பல். பூவாத்தாளின் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"ஞாயித்துக்கெழம ஆனா இந்த வீடியோவெல்லாம் போட்டுப் பாத்துட்டு, எனக்குப் போன் பண்ணுவாருங்க. அந்த சீட்டுல உக்காந்துக்கிட்டு. சீட்டை மட்டும் யாரும் கேட்டு வரல." 

சீட்டில் ஓட்டுகிறவர் பக்கம் நன்றாக அமுங்கிப் பள்ளமாகியிருந்தது. பக்கத்து இடம் யாரும் உட்காராமல் விறைப்பாக இருந்தது.

"இந்த மூங்கிலு?"

"நாந்தான் கட்டிக் குடுத்தேனுங்க. மூத்தவரு வர்றப்பெல்லாம் 'காரு எப்படியிருக்குது'ன்னு கேப்பாரு. சும்மா குடுத்துட்டேன்னு சொன்னா, பொழைக்கத் தெரியாதவன்னு நோம்பி பண்டிகைன்னு கூடறப்பெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்கன்னு..."

"அவங்க சிரிப்பாங்க, சரி. எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

வஹீது செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். அவள் விடவில்லை.

"சொல்லுங்க பாய். எங்கூட்டுக்காரரு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டனுங்க்கா." அவர் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "'அவளும் சிரிப்பா பாய்'ன்னாருங்க."

ரெண்டாந்தாரம் என்று சொல்லிச் சொல்லி வீட்டைச் சிரிக்க வைத்தது அவள் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே சிரித்த அவர் முகமும் வந்தது. அந்த முகத்தை அப்போது ஒரு தடவையாவது சரியாகப் பார்த்திருக்கலாம்.

கதவு தட்டப்பட்டது. "அம்மணி, நேரமாகுது. மயானத்துல நம்ம நேரத்துக்குப் போய்ச் சேரோணும். கதவத் தொறங்க, பசங்க வந்துட்டாங்க" என்றது ஈஸ்வரமூர்த்தியின் குரல்.

வஹீது அவளைப் பார்த்தார். கதவைத் திறந்தால் போதும். இருநூறு பேர் பார்ப்பார்கள். அழுகிற வாய்கள் ஒரு நிமிஷம் அடைத்துப் போகும். அப்புறம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். நஞ்சுண்டன் மூங்கிலைத் துடைத்த கதை பல்லடம் வரைக்கும் போகும், பவானியில் இருக்கும் சம்பந்தி வீடு வரைக்கும் போகும். பந்தலில் படுத்திருப்பவர் எழுந்து வந்து கூடவே சிரிக்கவா முடியும்?

அவள் உறையை இழுத்து நான்கு பக்கமும் சரிசெய்தாள். மூக்கின் மேல் விழுந்திருந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். வஹீதை முன்னால் அனுப்பி, தானும் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் பூட்டைப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வண்டி வராதுங்க மாமா."

"ஏனுங்க அம்மணி?"

"நாங் குடுக்க மாட்டனுங்க."

ஈஸ்வரமூர்த்திக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். மாலையோடு வந்த தனபால் அப்படியே நின்றார்.

"கடைசியா ஒருக்கா அம்மணி. அவனுக்காகத்தான் கேக்கறேன். எனக்கா கேக்கறேன்?"

"அது எனக்குன்னு அவுரு வெச்சுட்டுப் போனது. வாசலத் தாண்டி விட மாட்டேன். ஆரும் அதையத் தொடக் கூடாதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. புருஷன் சாம்பலாகும் முன்னே இரும்பைப் பூட்டி வைக்கிறாள் பார் என்று யாரோ ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். நந்திதா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே? பெரியப்பா அழுகறாரும்மா."

"அழுகட்டும்" என்றாள் பூவாத்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பெரிய மாலையை வேறு வழியில்லாமல் சொர்க்க ரதத்தின் முகப்பில் கட்டினார்கள். அது தன் முன்னால் எதுவும் இல்லாமல் தெருமுனை திரும்பியது. ஈஸ்வரமூர்த்தி அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் வந்தார், காரியத்துக்கு வேண்டியதைப் பார்த்தார், நந்திதாவோடு மட்டும் பேசினார். பூவாத்தாள் வைத்த காபியைக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவாத்தாள் கொடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். அவர் அலசிப் போட்டது போட்டபடி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஷெட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உறையின் மேல் இருந்த தூசியை மூக்கிலிருந்து வால் வரைக்கும் நிதானமாகத் துடைத்தாள். பிறகு குனிந்து உள்ளே நுழைந்து, பள்ளமான இடத்தை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. துணியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தபோது வாசலில் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"காரு எப்படியிருக்குது அம்மணி?"

தம்பி எப்போதும் சொல்கிற பதில் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள் பூவாத்தாள். "சும்மா கும்முனு இருக்குது."

மஞ்சள் துணியை வாளியில் முக்கி அலசிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டாள்.