முதல் டம்ளர்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் மாதவன் அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தான். பெங்களூரில் பன்றிக்காய்ச்சல் பரவிய ஆகஸ்ட் மாதம் அது. ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி பொற்கொடிக்குக் காலையிலிருந்து காய்ச்சல்.

"ஆஸ்பத்திரி வேணாங்க. தனி வார்டுல போட்டுட்டு உங்களக்கூட உள்ள விடமாட்டாங்க" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். கல்யாணமான இந்தப் பதினொரு மாதத்தில் அவள் கேட்டு அவன் மறுத்ததே இல்லை.

திரையில் வழி கிடைத்தது. பன்றிக்காய்ச்சலுக்கான மாத்திரையையே அன்னாசிப்பூவிலிருந்துதான் செய்கிறார்களாம். பூவை மிளகோடு கொதிக்கவைத்துக் குடித்தாலே போதுமாம். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மளிகைக்கடையில் நூறு கிராம் பூ வாங்கினான்.

கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஷிப்ட் தொடங்கியதும் மெஷினிலிருந்து வரும் முதல் பீஸை அளந்து அவன் 'ஓக்கே' போட்டால்தான் அடுத்தது ஓடும். கஷாயத்தையும் அப்படித்தான் பார்த்தான். முதல் டம்ளரைத் தானே குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஓக்கே. இனி நீ குடி."

"பிரியாணி வாசனை வருது. என்னையே தாளிக்கறீங்களா?" என்று சிரித்தபடி குடித்தாள்.

மறுநாள் உடம்பு சற்றுக் குளிர்ந்தது. இருவரும் நம்பினார்கள். மூன்றாம் நாள் காலை, தண்ணீர் கேட்கவே அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"காய்ச்சல் எத்தனை நாளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நேத்து... சாயங்காலந்தான் மேடம்" என்றாள் பொற்கொடி. சொல்லும்போது மாதவனைப் பார்த்தாள். அவனை யாரும் திட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

"இல்ல மேடம், மூணு நாளாச்சு. நான்தான் இதக் காய்ச்சிக் குடுத்தேன்." சட்டைப்பையிலிருந்த தாளை நீட்டினான்.

டாக்டர் படித்தார். "காய்ச்சலுக்கு இது கேட்கும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் குடிச்சுப் பார்த்தேன் மேடம்."

"உங்களுக்குக் காய்ச்சல் இருந்துதா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"ஒரு நாள்னா இங்கயே வெச்சிருப்பேன். மூணு நாளுன்னா கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போயாகணும். நல்லவேளை, சொன்னீங்க" என்று பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். அங்கேயே பன்றிக்காய்ச்சலுக்கான முதல் மாத்திரையும் கொடுத்தார்கள்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவள் ஏதோ முனகினாள். குனிந்து கேட்டான்.

"காலையிலேர்ந்து அசையவே இல்லீங்க."

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். வழியில் சூளகிரி கடந்து போனது. ஒன்றுமில்லை. கையை எடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வந்த மாடுகள் சாலையைக் கடக்க, வண்டி நின்று சைரன் அலறியது. அப்போது உள்ளங்கையில் ஓர் உதை, மெலிதாக.

அவள் கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடின. 'ஓக்கே' என்று சொல்ல இந்த முறை அவனுக்கு நா எழவில்லை. கையை மட்டும் அங்கேயே வைத்திருந்தான்.